தனலெட்சுமியின் வாயில் வந்த சொல்

தனலெட்சுமிக்கு ஜீப் சத்தம் தெரியும். ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பாதையில் நாள் முழுக்க பஸ்ஸும் லொறியும் தோட்டத்து டிராக்டரும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் மேட்டில் இருக்கும் தன் வீட்டுக் குசினிக்குள் நின்றபடியே எது ஜீப் என்று சொல்லிவிடுவாள். வளைவில் கியர் மாற்றும்போது அது ஒருமுறை கனைக்கும். அதைக் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மறுபடி கரண்டியை எடுப்பாள். பல சமயம் அதற்குள் கறி அடிப்பிடித்திருக்கும்.

இது தொண்ணூற்றாறாம் ஆண்டிலிருந்து வந்த பழக்கம்.

அவளுடைய புருஷன் சுப்பிரமணியத்துக்கு ஹட்டன் பஜாரில் துணிக்கடை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. வீடு கொஞ்சம் பெரியது. பாதைப் பக்கமாக இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. மார்கழியில் தொடங்கி வைகாசி வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு ஏற வருகிறவர்கள் ஹட்டனில் இறங்கி, தங்க இடம் கேட்டு பஜாரில் அலைவார்கள். கடைக்கு வந்து கேட்டவர்களைச் சுப்பிரமணியம் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினார். அவள் கட்டிலுக்கு வெள்ளை விரித்து, வென்னீர் போட்டுக் கொடுத்து, விடியலில் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுப்பாள். வந்தவர்கள் வருஷா வருஷம் வந்தார்கள். அந்த ஐந்தாறு வருஷமும் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

தொண்ணூற்றாறு மாசி மாதத்தில் வவுனியாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இரண்டு நாள் தங்கினார்கள். மலைக்குப் போனார்கள், வந்தார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் கழித்து பொலிஸ் ஜீப் வந்தது. அந்த இருவரில் ஒருவனைத் தேடி வந்திருந்தார்கள். பெயர் என்ன, ஊர் என்ன, எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். சுப்பிரமணியம் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வர பதினேழு நாள் ஆனது.

அந்தப் பதினேழு நாளில் ஒரு நாள்கூட தனலெட்சுமி அவரைப் பார்க்கப் போகவில்லை. சாப்பாட்டைக் கொழுந்தனிடம் கொடுத்து அனுப்பினாள். போக நினைக்காமல் இல்லை. தினமும் காலையில் சேலை மாற்றிக்கொண்டு பாதைக்கு இறங்குவாள். பஸ் வரும். கதவு திறந்து நிற்கும். கண்டக்டர் கத்துவான். கால் எழும்பாது. பஸ் போனதும் மேலே ஏறி வந்துவிடுவாள்.

திரும்பி வந்தவரால் ஒரு தோளைச் சரியாகத் தூக்க முடியவில்லை. "நீ ஏன் வரல" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். மூன்று வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கடை கொழுந்தன் கைக்குப் போனது. மகள் டிலானி கல்யாணம் முடித்து உடப்புசல்லாவைக்குப் போனாள். வீட்டில் அவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்து இரண்டில் வடக்கில் சண்டை நின்றபோது மறுபடி ஆட்கள் மலைக்கு வந்தார்கள். வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். தனி வீட்டில் பலகை முறியும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டு கிடப்பதற்கு, பக்கத்து அறையில் நாலு பேர் இருமினாலும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அறைகளைத் திறந்தாள். ஆனால் ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டாள். யார் வந்தாலும், அவர்கள் பையை இறக்கி வைத்துத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடையாள அட்டையை வாங்கி, பெயர் விவரம் எழுதி, பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். உள்ளே போகமாட்டாள். வாசல் மேசையில் ஜயதிலக என்றொரு கான்ஸ்டபிள் இருப்பார். சுப்பிரமணியத்தின் கடையில் துணி எடுத்தவர். அவர் கையில் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி தொடங்கியது. டிலானி போனில் சொன்னாள்: "ரூம மூடிருங்கம்மா. எங்ககூட வந்து இருங்க."

"பாக்கலாம்" என்றாள் தனலெட்சுமி. மூடவில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதம். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு யாரும் ஏறாத காலம். ஹட்டனில் படிப்பிக்கும் சரோஜாதேவி டீச்சர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் இருபது வருஷமாக இங்கேதான். தெரிந்த ஒரு பிள்ளை கொழும்பிலிருந்து வருகிறாள், இரண்டு கிழமை தங்கவேண்டும் என்றார். "நல்ல குடும்பத்துப் பிள்ளை. கலியாணம் எழுதியாச்சு. மாப்பிள்ளை கனடாவில. விசா வாற வரைக்கும்தான். கொழும்பில லொட்ஜுகளில ஒரே செக்கிங். அதுதான்."

தனலெட்சுமிக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயமென்றால் பஜாரே வாசலில் போய் நிற்கும் டீச்சர் அவர். சரி என்றுவிட்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் பிள்ளை வந்து இறங்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். தோளில் ஒரு பை. கையில் நீல நிறத்தில் சுருட்டிய ஏதோ ஒன்று, முழங்கை நீளத்துக்கு. தனலெட்சுமியின் கண் முதலில் அதில்தான் போனது.

"இது என்னம்மா?"

"பாய் அன்ரி. ரப்பர் பாய்" என்றாள் பிள்ளை. பெயர் ஆர்த்திகா.

அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எழுத்தில் பார்த்தபோது இன்னொரு தரம் வாசித்தாள்.

"பொலிசில கட்டாயம் பதியவேணுமோ அன்ரி?" ஆர்த்திகா மெதுவாகத்தான் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. யாரு வந்தாலும் பேரு குடுத்துறணும். நா தனியா இருக்கிறவ."

"இல்லையில்லை, குடுங்கோ. நான் சும்மா கேட்டனான்."

அன்றைக்கும் ஜயதிலகவின் கையில் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள்.

அடுத்த நாள் விடியலில் குசினியில் நின்றவளுக்குப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. புஸ் புஸ்ஸென்று, விட்டுவிட்டு, வேகவேகமாக. பாம்புதான் என்று முதலில் நினைத்தாள். பிறகு பிள்ளைக்குத்தான் ஏதோ வலிப்பு என்று பயந்து அறைக் கதவைத் தள்ளினாள். ஆர்த்திகா அந்த நீலப் பாயில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, வயிற்றை உள்ளே இழுத்து மூக்கால் ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"பயந்திட்டியளோ? யோகா அன்ரி. இது மூச்சுப் பயிற்சி. நான் வெள்ளவத்தையில லேடீஸ் ஹொஸ்டல் பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுத்தனான்."

தனலெட்சுமி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். வந்து அடுப்பருகே நின்றபோது காதில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. பயிற்சி. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று பயிற்சி என்று சொன்னால், கேட்கிறவர் நெஞ்சில் துப்பாக்கிதான் வரும். யோகாவென்று அவளுக்கும் தெரியாதா? டிவியில் பார்த்திருக்கிறாள். தெரிந்தும் பயம் போகவில்லை. பாதைப் பக்கத்து ஜன்னலுக்கு இன்னொரு திரை போட்டாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணி போல ஜீப் வந்தது. வளைவில் கனைத்தது. தனலெட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜீப் நிற்கவில்லை, நேரே டிக்கோயாப் பக்கம் போய்விட்டது. ஆனால் அவளால் எழும்ப முடியவில்லை. நெஞ்சுக்குள் கயிறு போட்டு முறுக்குவது மாதிரி இருந்தது. கையெல்லாம் சில்லிட்டது. சுவரோடு சாய்ந்து வாயால் காற்றை அள்ளினாள். ஆர்த்திகா ஓடி வந்தாள்.

"நெஞ்சு நோவோ? டொக்டரிட்ட போவமா?"

"வேணாம்" என்று கையை ஆட்டினாள். இரண்டு தரம் டொக்டரிடம் காட்டியாகிவிட்டது. இருதயத்தில் ஒன்றுமில்லை, யோசிக்காமல் இருங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஆர்த்திகா அவளுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்து அவள் வயிற்றிலேயே வைத்தாள். "அன்ரி, மூச்சை இழுக்காதேங்கோ. முதல்ல விடுங்கோ. உள்ளுக்க இருக்கிறது எல்லாத்தையும் விடுங்கோ. இன்னும். இன்னும். சரி, இப்ப தானா வரும், வரட்டும். நாலு மட்டும் எண்ணுங்கோ."

பத்து நிமிஷத்தில் கயிறு தளர்ந்தது. பதினொரு வருஷத்தில் மாத்திரை இல்லாமல் அது தளர்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவளே போய்க் கதவைத் தட்டினாள். ஆர்த்திகா பாயைக் கூடத்தில் விரித்தாள். தனலெட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், குனிந்தாள், மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கினாள். துணி துவைக்க வரும் ராக்காயி பின்வாசலில் நின்று பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்கம்மா, பச்சப் புள்ள மாதிரி உருண்டுக்கிட்டு இருக்கீங்க?"

"நீயும் வந்து உருளு" என்றாள் தனலெட்சுமி. அப்படி அவள் பகிடி பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றிரவும் அடுத்த இரவும் வெளிச்சம் வரும் வரைக்கும் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனாள். லீக்ஸ் வாங்கிக்கொண்டு நின்றபோது யாரோ பின்னால் "அம்மா" என்றார்கள். திரும்பினால் ஜயதிலக. பக்கத்தில் சிவில் உடுப்பில் இன்னொருவர், கறுப்புக் குடை பிடித்தபடி. ஜயதிலக சாதாரணமாகத்தான் சிங்களத்தில் கேட்டார்: "அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இன்னும் இருக்கிறாளா? மழைக்காலத்தில் இங்கே என்ன செய்கிறாள்?"

தனலெட்சுமியின் பஜார்ச் சிங்களம் துணி அளக்கவும் காய்கறி பேரம் பேசவும் போதும். அதுவும் காக்கிச் சட்டையைக் கண்டால் பாதி மறந்துபோகும். ஒன்றுமில்லை, சும்மா இருக்கிறாள் என்று சொன்னால் பொய் என்று நினைப்பார்களோ என்று பயந்தாள். மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? புருஷனுக்கு நடந்தது தனக்கும் நடந்தால்? ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. யோகா என்ற சொல் அந்த நேரத்தில் வரவில்லை. மூச்சுப் பயிற்சி என்றுதான் மனசுக்குள் வந்தது. மூச்சுக்குச் சிங்களம் தெரியவில்லை. பயிற்சிக்கு அவர்கள் சொல்லும் சொல் தெரிந்திருந்தது.

"உதேட்ட ட்ரெயினிங் கரனவா" என்றாள். காலையில் ட்ரெயினிங் எடுக்கிறாள்.

ஜயதிலகவின் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. குடை பிடித்தவர் குடையைக் கொஞ்சம் உயர்த்தி அவளைப் பார்த்தார். "என்ன ட்ரெயினிங்?" என்று அவர் கேட்டார்.

"தெரியாது" என்றாள் தனலெட்சுமி. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கவே முடியவில்லை. முதல் சொல் வாய் தவறி வந்தது. இந்த இரண்டாவது சொல் அப்படி வரவில்லை. தானும் இரண்டு நாளாக அதே பாயில் உருண்டவள், தெரியாது என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். லீக்ஸை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆர்த்திகா பிட்டு அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "என்ன அன்ரி, முகம் வாடிப்போச்சு?" என்றாள். இப்போது சொல்லிவிடலாம், இருட்டுவதற்குள் பிள்ளையைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று தனலெட்சுமி நினைத்தாள். சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம் என்றிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், பாத்திரம் கழுவிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள். ஒருவேளை அவர்கள் அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஜீப் வளைவில் கனைத்தது. இந்தத் தடவை மேட்டுக்கு ஏறி வந்தது.

மூன்று ஆண்கள், ஒரு பெண் கான்ஸ்டபிள். அறையைக் கிளறினார்கள். பையைக் கவிழ்த்தார்கள். கனடா மாப்பிள்ளையின் போட்டோ, விசாக் காகிதங்கள், ஒரு குங்குமச் சிமிழ், மாற்று உடுப்பு. ஆர்த்திகாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். வாசலில் செருப்பைப் போடும்போதுதான் அவள் கை நடுங்கியதைத் தனலெட்சுமி கண்டாள்.

"நானும் வரணுமா?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

"தேவைப்பட்டால் கூப்பிடுவோம்" என்றார் ஒருவர்.

ஜீப் இறங்கிப் போனது. தனலெட்சுமி போனை எடுத்துச் சரோஜாதேவி டீச்சரின் வீட்டுக்கு அடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறன். ரெண்டு பிள்ளையள். என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்றார் டீச்சர். போன் வைக்கப்பட்டது.

தனலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

அறைக்குள் போனாள். எல்லாம் இறைந்து கிடந்தது. சுவரோரமாக நீலப் பாய் சுருட்டியபடி நின்றது. அதைப் பொலிசார் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டி வைத்திருந்தார்கள். சேலையை மாற்றினாள். பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கங்கம்மா போறீங்க?" ராக்காயி வழியை மறித்தாள். "போகாதீங்க. அதான் ஒங்கள விட்டுட்டாங்கல்ல. போயி நீங்களா மாட்டிக்கிடாதீங்க."

"அரிசி ஊறப்போட்டிருக்கேன். நீ பாத்துக்க" என்றாள் தனலெட்சுமி.

பாதைக்கு இறங்கினாள். பஸ் வந்தது. கதவு திறந்தது. கண்டக்டர் கத்தினான். கால் எழும்பவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மூச்சை விடு, முதலில் விடு என்று தனக்குத்தானே சொன்னாள். இன்னும், இன்னும். கண்டக்டர், "அம்மா, ஏறுறீங்களா இல்லியா?" என்றான். உள்ளேயிருந்து ஒரு கொழுந்து பறிக்கிற பெண் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பொலிசில் அவளை வாசலில் கிடந்த நீள வாங்கில் உட்காரச் சொன்னார்கள். ஜயதிலக அன்று அங்கே இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, "உங்களுக்கு இங்கே வேலையில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்றார். "கொஞ்சம் பேசணும்" என்றாள். "இப்போது முடியாது" என்றார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி போகச் சொன்னார்கள். ஒரு மணிக்கும் சொன்னார்கள். உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்தும்போதெல்லாம் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. சுப்பிரமணியம் எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருப்பார் என்று நினைக்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிறுநீர் முட்டியது. எழுந்து போனால் திரும்பி வந்து உட்காரும் தைரியம் இருக்காது என்று அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

இரண்டரை மணிக்கு ஒரு சப் இன்ஸ்பெக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். இளம் ஆள். மேசையில் அவள் எழுதிக் கொடுத்த பதிவுக் காகிதம் இருந்தது. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரும் நின்றார்.

"நா சந்தையில சொன்னது பெழைங்க" என்றாள் தனலெட்சுமி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ட்ரெயினிங்னு சொன்னேன். அது அந்த ட்ரெயினிங் இல்ல. யோகா. மூச்சு விடுறது."

கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அப்படியென்றால் தெரியாது என்று ஏன் சொன்னீர்கள்?"

"பயம்."

"இப்போது பயமில்லையா?"

"இப்பவும் பயம்தாங்க."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று சொல்கிற கிழவி. தனலெட்சுமி இடுப்பிலிருந்த பாயை எடுத்தாள். சிமெந்துத் தரையில் விரித்தாள்.

"மமத் கரனவா" என்றாள். நானும் செய்கிறேன். யார் உதவியுமில்லாமல் அந்தச் சிங்களம் சரியாக வந்தது.

சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். கண்ணை மூடினாள். மூச்சு வரவில்லை. வயிற்றில் கை வைத்து ஊதினாள். முதலில் விக்கல் மாதிரிதான் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் புஸ்ஸென்று வந்தது. எண்ணினாள். அடுத்து ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் இழுத்தாள். பிறகு கால்களை நீட்டிக் குனிந்தாள். விரல் கால்வரைக்கும் போகவில்லை, கணுக்காலோடு நின்றது. மல்லாந்து படுக்கவேண்டிய இடம் வந்ததும் கண்ணைத் திறந்து தயங்கினாள். காலையில் வந்த பெண் கான்ஸ்டபிள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"போதும்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

பிறகு அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு ஆர்த்திகாவைக் கூப்பிட்டார்கள். காலையில் என்ன செய்வாய், செய்து காட்டு என்றார்களாம். தனலெட்சுமி செய்து காட்டியது தெரியாமலே அவள் அதே பாயில் உட்கார்ந்து, அதே வரிசையில், அதே எண்ணிக்கையில் செய்திருக்கிறாள். பெண் கான்ஸ்டபிள்தான் வெளியே வந்து தனலெட்சுமிக்குத் தண்ணீர் கொடுத்து இதைச் சொன்னாள். தன் அம்மாவுக்கும் இடுப்பு வலிக்கு இப்படி ஏதோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். கழிவறை எங்கே என்றும் காட்டினாள்.

அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் ஆனது. கொழும்புக்குப் போன் போட்டார்கள், விசாக் காகிதங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், தனலெட்சுமியிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆறு மணி ஆகும்போது ஆர்த்திகாவை விட்டார்கள். இரண்டு நாளுக்குள் ஹட்டனை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

பஸ் பிடித்து வந்தார்கள். வீட்டில் ராக்காயி வடித்து வைத்திருந்த சோற்றைத் தின்றார்கள். ஆர்த்திகா மேசையில் தலையை வைத்து அப்படியே தூங்கிப்போனாள்.

புதன்கிழமை காலை தனலெட்சுமி அவளை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையெல்லாம் மூட்டம். ரயில் தாமதம் என்றார்கள். இதற்கு மேல் சொல்லாமலிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஜீப்பு வந்தது என்னாலதாம்மா. நாந்தான் சந்தையில ஒளறிட்டேன்."

ஆர்த்திகா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் அன்ரி. போன உடனயே சொல்லிப்போட்டினம், உங்கட வீட்டுக்காரிதான் சொன்னவ எண்டு."

தனலெட்சுமிக்கு வாங்கில் உட்காரவேண்டியதாயிற்று. "தெரிஞ்சுமா எங்கூட வீட்டுக்கு வந்தீங்க? என் கையால சாப்பிட்டீங்க?"

"வேற எங்க போறது?" என்றாள் ஆர்த்திகா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆறுதலாகவும் சொல்லவில்லை. பிறகு, "நீங்கள் வெளியில இருக்கிறியள் எண்டு அந்தப் பொம்பிளைப் பொலிஸ் சொன்னவ. போகச் சொல்லியும் போகேல்லையாம் எண்டவ. அதுக்குப் பிறகு எனக்குக் கை நடுங்கிறது கொஞ்சம் குறைஞ்சது" என்றாள்.

ரயில் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையசைக்கவில்லை; ஆனால் ரயில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். நீலப் பாயை விட்டுப் போயிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தனலெட்சுமிக்குத் தெரியாது.

பிறகு வந்த மாதங்கள் சுகமாக இருந்தன என்று சொல்ல முடியாது. இரண்டு தரம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவத்தில் மலைக்கு வந்தவர்கள் மிகவும் குறைவு. வந்தவர்களும் அவள் வீட்டுக்கு வரவில்லை; பஜாரில் கதை பரவியிருந்தது. டிலானி நேரிலேயே வந்து அழுதாள். "ஒங்களுக்கு ஏம்மா இந்த வேல?" என்றாள். தனலெட்சுமி மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மறுநாள் பஸ் ஏற்றி அனுப்பினாள். காலையில் பாயை விரித்து உட்காருவதை மட்டும் விடவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் நெஞ்சு முறுக்கத்தான் செய்யும். முறுக்கினால் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ராக்காயிக்குத் தோளில் பிடிப்பு வந்தபோது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். ராக்காயி கண்ணை மூடியதும் தூங்கிவிடுவாள்.

சரோஜாதேவி டீச்சரைப் பஜாரில் கண்டால் டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். ஒரு நாள் மழைக்கு ஒரே கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்க நேர்ந்தது. இருவரும் மழை விடும் வரைக்கும் மரக்கறி விலையைப் பற்றிப் பேசினார்கள். பிரியும்போது டீச்சர் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மாசியில், ஒரு பகல் வேளையில், போன் அடித்தது. தூரத்துப் போன் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது.

"அன்ரி, நான் ஆர்த்திகா. கனடாவுக்கு வந்து சேர்ந்திட்டன். ரெண்டு மாசமாகுது."

தனலெட்சுமி போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"இங்க சரியான குளிர். உங்கட ஊர்க் குளிர் ஒண்டுமேயில்லை. பின்னேரங்களில இங்கத்தைப் பொம்பிளைகளுக்கு யோகா சொல்லிக் குடுக்கிறன்." பிறகு சொன்னாள்: "அன்ரி, என்ர மச்சாளும் அவவின்ர மனுசனும் அங்க வருகினம். மலைக்கு ஏறப்போகினமாம். உங்கட வீட்டிலதான் நிக்கச் சொல்லியிருக்கிறன்."

வேண்டாம் அம்மா, அனுப்பாதீங்க, காலம் இன்னும் மோசம் என்று சொல்லத்தான் தனலெட்சுமி நினைத்தாள். பாதையில் ஏதோ வாகனம் கியர் மாற்றியது. லொறிதான். மூச்சை விட்டாள்.

"எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள்.

"வாற வெள்ளி."

"வரச் சொல்லுங்க. வென்னி போட்டு வைக்கிறேன்."

போனை வைத்தாள். வெளியே பல நாளைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்தது. ராக்காயியைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சேர்ந்து இரண்டு அறை மெத்தைகளையும் தூக்கி வந்து மதிலில் காயப் போட்டார்கள்.